பூஜையில் குந்தியிருந்த கணக்குப் பாடம்

ஒரு காலத்தில் தென்காசியில் உலகம்மாள் என்ற கல்லூரிப் பெண்ணின் மேஜையில் ஒரு கணக்குப் பாடப் புத்தகம் இருந்தது. உலகம்மாள் மற்ற பாடத்திலெல்லாம் தேறிவிட்டாள், கணக்கில் மட்டும் அரியர். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. கார்த்திகை மாதப் பரீட்சையில் அந்த அரியரை முடித்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். அவள் அப்பா சுடலையாண்டியும் தன் பங்குக்குப் பேச்சை முடித்துவைத்திருந்தார். பாஸானால் கோயம்புத்தூர், இல்லையென்றால் தை மாதம் சங்கரன்கோவில் மாப்பிள்ளை. உலகம்மாளுக்குக் கோயம்புத்தூர்தான் வேண்டும். அந்த மாப்பிள்ளையை அவளுக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை.

அந்த வீட்டில் இரண்டு விருந்தாளிகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள், கிளம்புகிற வழியைக் காணோம். ஒருவர் பயம் அண்ணாச்சி. மற்றவர் அவர் சம்சாரம் நாளை மைனி. பயம் என்றதும் கொம்பும் கோரைப்பல்லுமாக நினைத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். மைனிக்கோ பேச்சில் தேன் ஒழுகும்.

உலகம்மாள் புத்தகத்தை எடுத்தாள். இன்றைக்கு அஷ்டமியாச்சே தாயி என்றார் அண்ணாச்சி. மறுநாள் எடுத்தாள், நவமி என்றார். அதற்கும் மறுநாள் நாள் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முறையாக ஒரு டைம்டேபிள் போடாமல் படிப்பது எப்படி என்று மைனி கேட்டாள். அதுவும் நியாயம்தானே. ஸ்கெட்ச் பேனா வாங்கி, கோடு போட்டு, கலர் அடித்து, சுவரில் ஒட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. உலகம்மாளுக்கு அன்றைக்கு ஏதோ பெரிய வேலை பார்த்த திருப்தி.

அவளுக்கும் ஒரு நாள் உறைத்தது. இப்படியே போனால் கோயம்புத்தூர் போய்விடுமே என்று அண்ணாச்சியிடம் வாய்விட்டுக் கேட்டாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் மனசில் இருந்ததை அன்றைக்குத்தான் சொன்னார்.

"இந்தா பாரு தாயி. உலகு கெட்டிக்காரி, படிக்கத்தான் மாட்டேங்கான்னு ஊரே சொல்லுது. நீ உக்காந்து படிச்சி, அப்புறமும் கணக்கு வரலன்னா அந்தப் பேரு என்னத்துக்கு ஆகும்? படிக்காம தோத்தா கவுரவம். படிச்சித் தோத்தா மானக்கேடு."

உலகம்மாள் புத்தகத்தை மெதுவாக மூடி வைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து சரஸ்வதி பூஜை வந்தது. அம்மா எல்லாப் புத்தகத்தையும் அடுக்கச் சொன்னாள். உலகம்மாள் கணக்குப் புத்தகத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். அன்றைக்குப் படிக்கக்கூடாது என்பது சம்பிரதாயம். இந்த ஒரு சம்பிரதாயத்தில் மட்டும் அவள் குறை வைத்ததே இல்லை. சந்தனம், குங்குமம், பூச்சரம், எதிரே பொரியும் சுண்டலும். புத்தகத்துக்கு முதலில் தலைகால் புரியவில்லை. பிறகுதான், இது படிக்காமல் தப்பிக்கிற வழியோ என்று அதற்கும் சந்தேகம் தட்டியது.

மறுநாள் விஜயதசமி. குளித்துவிட்டு வந்து புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட உலகம்மாளிடம் புத்தகமே வாய் திறந்தது.

"உலகு, என்னைக் கும்பிட்டது போதும். என் மொதப் பாடத்தைத் தொட்டுத் தொட்டு ஓரமெல்லாம் கிழிஞ்சிபோச்சு. கடைசிப் பாடம் இன்னும் மனுச மூஞ்சியவே பாக்கலை. இன்னைக்கு நடுவுல எங்கயாவது தொற. ஒரு கணக்கத் தப்பாப் போடு. ஒண்ணும் ஆயிராது."

நல்ல நாளும் அதுவுமாக வாயில் தப்பு என்ற சொல்லா என்று பதறினார் அண்ணாச்சி. ஆரம்பம் என்றால் ஆரம்பத்தில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்றாள் மைனி. உலகம்மாள் முதல் பாடத்தின் முதல் வரியை வாய்விட்டு வாசித்தாள். சாஸ்திரத்துக்கு அது போதும், மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மைனி சுண்டலை எடுத்து நீட்டினாள். தீபாவளி வந்தது, மழை வந்தது, மழையில் கரண்ட் போனது. எல்லாமே மைனிக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி வந்து கை கொடுத்தன.

பரீட்சையும் வந்தது. முதல் பாடத்துக் கேள்விக்கு உலகம்மாள் முத்து முத்தாக எழுதினாள். மற்றதற்கெல்லாம் கேள்வி எண்ணைப் போட்டு அடிக்கோடு இழுத்து வைத்துவிட்டு வந்தாள்.

தை பிறந்தது, முடிவும் வந்தது, ஃபெயில். தெருவில் எல்லாரும் கெட்டிக்காரப் பிள்ளை, படிக்காமல் விட்டுவிட்டாளே என்றுதான் பேசிக்கொண்டார்கள். பேரைக் காப்பாற்றிக் கொடுத்தேனா இல்லையா என்று அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கோயம்புத்தூர்க்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வாரமே சங்கரன்கோவில்காரர்கள் தட்டு நிறைய வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்து பட்டாசாலைக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். உலகம்மாள் உள்ளறைக்கு ஓடி, மைனியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மைனி, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். அடுத்த பரீட்சைக்கு நெசமாவே படிக்கேன். அதுவரைக்கும் இதைத் தள்ளிப்போட்டுக் குடுங்க. ஒங்களால முடியாததா?"

மைனி முதல்முறையாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு ஒன் வேலையத்தான் தாயி தள்ளத் தெரியும். அடுத்தவுக வேலையில என் பேச்சு எடுபடாது."

அதற்குள் வெளியே மாப்பிள்ளையின் அப்பா, பெண்ணுக்கு யோசிக்கக் கொஞ்ச நாள் வேண்டுமா என்று பெரிய மனசு பண்ணிக் கேட்டுக்கொண்டிருந்தார். உலகம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

சுடலையாண்டி தட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நல்ல காரியத்தத் தள்ளிப்போடக் கூடாது."