முளையில் தொங்கிய தொப்பிகள்

டப்... டப்... டப்.

இருட்டிய பிறகு தேவாலயத்துக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. பக்கத்து வீட்டில் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை வாயை எடுத்துவிட்டு வீறிட்டது. தகப்பனான இளம் போதகர் லெவின் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

வர்ஜீனியா மலையடிவாரத்து மரக்கோயில் அது. பதினாலு வருஷத்துக்கு முன்னால், எர்ஹார்ட் பாதிரியார் அங்கே பிரசங்கம் முடித்து, அங்கியைப் பீடத்திலேயே மடித்து வைத்துவிட்டுப் போருக்குப் போனார். தளபதியானார். பிறகு சட்டசபைக்கும் போனார். இப்போது கிழவர், லெவினின் குரு; அவர் வீட்டில்தான் தங்கியிருந்தார்.

எல்லையில் மறுபடி சண்டை. பட்டாளத்துக்கு அனுப்ப ஊர்ப் பையன்களின் பெயர்களை எழுதித் தருவதாக லெவின் வாக்குக் கொடுத்திருந்தார். வாங்கிப்போக சார்ஜண்ட் இன்றைக்கே வருகிறான். எழுதிய காகிதம் லெவினின் சட்டைப் பையில் இருந்தது.

"ஐயா, உள்ளே யாரோ இருக்காங்க."

"இருந்தா நல்லதுதான்" என்று கிழவர் விளக்கோடு நடந்தார்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே ஆளில்லை. பிரசங்கத்துக்கு வரும் ஆண்கள் சுவரில் அடித்த மர முளைகளில் அவரவர் தொப்பியை மாட்டுவது அந்த ஊர் வழக்கம். சில முளைகளில் தூசி படிந்த தொப்பிகள் கதவிடுக்கில் வந்த காற்றில் ஆடிப் பலகையில் மோதின.

"இதெல்லாம் யாரோடது?"

"என்னோட புறப்பட்டவங்க. பட்டாளத்துல வேற தொப்பி தருவாங்க, இதைத் திரும்பி வந்து எடுத்துக்குங்கன்னு சொன்னேன். அன்னையிலேர்ந்து இந்தக் கதவைத் தாழ் போட்டதில்லை."

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததை லெவின் கேட்டார்.

"அன்னைக்கு உங்களுக்குப் பயமா இல்லையா, ஐயா?"

கிழவர் ஒரு தொப்பியை எடுத்து அவர் கையில் வைத்தார். உள்விளிம்பில் கம்பளி திணித்துத் தைத்திருந்தது.

"இது எதுக்கு?"

"தொப்பி பெரிசு. தலை வளர்ற வரைக்கும் இருக்கட்டும்னு அவன் அம்மா தைச்சது."

லெவினின் விரல் கம்பளியை விட்டு நகரவில்லை.

வெளியே குதிரை கனைத்தது. பூட்ஸ் சத்தம் படியேறியது.

"போதகரே! பேரெல்லாம் எழுதியாச்சா, இல்லே இன்னும் எழுத்துக் கத்துக்கிட்டிருக்கீங்களா?" சார்ஜண்ட் வெளியிலிருந்தே சிரித்தான்.

லெவின் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "ஐயா, நான் என்ன செய்யட்டும்?"

"பயமா இல்லையான்னு கேட்டியே. எனக்குப் பயமே இல்லை, லெவின். அதனாலதான் கதவைத் திறந்து அந்தப் பசங்களைப் போக விட்டேன்."

லெவின் தொப்பியை மார்போடு அணைத்தபடி கதவைச் சாத்தி, துருப்பிடித்த தாழை உள்ளிருந்து இழுத்துப் போட்டார்.