சீமைச்சாமந்தியும் தூக்கக் குடுவையும்

முதலில் போட்டது முளைக்காததால், இரண்டாம் முறையாக வஞ்சி விதையைப் போட்டு மண்ணைத் தள்ளி மூடினாள். வேலியோரம் நின்ற வெள்ளாடு சிரித்தது. ஆடுகள் பேசிய காலம் அது. அதனால் அவள் திடுக்கிடவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"என்ன இளிப்பு?"

"மறுபடியும் மூடுறியே தாயே!"

"மூடாம விட்டா எறும்பு தின்னும். சோளம் விதைக்கத் தெரியாதவளா நான்?"

சோளமாக இருந்தால் அவள் சொன்னது சரி. இது சீமைச்சாமந்தி, தூசி போன்ற விதை. மலைமேல் இருந்த மந்திரவாதி கொடுத்தது. தூக்கம் வராத அவன், வஞ்சியின் தங்கை பொன்னியின் தூக்கத்தைப் பறித்துக் குடுவையில் அடைத்துவிட்டான். அடுத்தவள் தூக்கம் அவனுக்கு ஒட்டவில்லை. திருப்பித் தரவும் மனமில்லை. "இந்தப் பூவால் என்னைத் தூங்க வை. குடுவை தானே திறக்கும்" என்றான். பொன்னி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊட்டிய சோற்றை மென்று விழுங்க மறந்தாள். இப்படியே போனால் பனிக்காலம் தாண்டமாட்டாள்.

மிச்சமிருந்தது ஒரு பிடி விதை.

"நான் மேயிற மேட்டுல இது தானா விழுந்து தானா முளைக்குது" என்றது ஆடு. "அங்க எவ வந்து மூடினா? வெளிச்சம் பட்டாத்தான் இது கண் திறக்கும். தூவு, மிதி, விடு."

"நீ தின்னப் பாக்குற."

"தின்பேன். முளைச்சப்புறம்."

வஞ்சி தூவினாள். ஆடு அதன்மேல் நடந்தது. தண்ணீரைத் தெளித்துவிட்டு, மண்ணள்ளத் துடித்த கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

முளைத்தது, பூத்தது. சொன்னபடி ஒரு வரிசையை ஆடு தின்றது. இதழ் முழுதும் விரிந்த பூக்களைக் கிள்ளி நிழலில் உலர்த்தி, பொன்னியை முதுகில் சுமந்து வஞ்சி மலையேறினாள். ஆடும் வந்தது.

மந்திரவாதி வீட்டு அடுப்பில் கொதித்த நீரில் பூவைப் போட்டாள். ஆவி கூரைக்குப் போனது. ஓட்டின்மேல் இருந்த காகம் தூங்கி விழுந்தது. மந்திரவாதி குடித்துப் பார்த்தான்.

"காகம் தூங்கிருச்சு. நான் தூங்கலை."

கதவைச் சாத்திவிட்டு மறுபடி போட்டாள். ஆவி சுவருக்குப் போனது. பல்லி தூங்கி விழுந்தது.

"பல்லியும் தூங்கிருச்சு" என்றான் அவன். குரல் உடைந்திருந்தது.

"மருந்தெல்லாம் ஆவியிலதான் போகுது. விதையை மூடினவ பானையை மூடலையே!" என்றது ஆடு.

வஞ்சி மூன்றாம் முறை போட்டாள். தட்டால் பானையை இறுக மூடினாள். ஆறிய பிறகு வடிகட்டிக் கொடுத்தாள்.

பாதிக் குவளை குடிப்பதற்குள் மந்திரவாதியின் தலை சாய்ந்தது. பரணில் இருந்த குடுவையின் மூடி தெறித்தது. பொன்னி கொட்டாவி விட்டாள். அக்காவின் மடியில் விழுந்து குறட்டையும் விட்டாள்.

"கிளம்பு, கிளம்பு. அவன் முழிச்சிடப் போறான்" என்று ஆடு முன்னால் இறங்கியது.

வஞ்சி தங்கையை முதுகில் ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். மந்திரவாதியின் முகத்தில் வெயில் அடித்தது. திரும்பி வந்து கதவைப் பாதி சாத்திவிட்டுப் போனாள்.