பேர் எழுதிய மூட்டைகள்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தேழு. கேட்டால் சிரிப்பீர்கள். நாங்களும் சிரித்தோம்.

குரு நிரஞ்சனா, பாலம் கட்டும் எஞ்சினியர். அப்பா ஆம்பூர்ப் பக்கத்துக்காரர், தோல் வேலைக்கு ஜப்பான் போனவர். அம்மா ஜப்பான்காரி. சீடர் தணிகாசலம், எங்கள் ஊர் மேஸ்திரி. முப்பது வருஷம் வீடு கட்டியவர். எங்கள் காட்டாற்றின் மேல் தொங்குபாலம் போட அவள் வந்தபோது, "எனக்கும் கத்துக்குடுங்க" என்று போய் நின்றார். முதலில் கேலிக்குத்தான் 'குருவே' என்று கூப்பிட்டார். ஒரே மாதத்தில் கேலி போய்விட்டது, 'குருவே' மட்டும் நிலைத்துவிட்டது.

நான் சம்பூரணம். அக்கரைப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். நிரஞ்சனாவும் நானும் ஒரே வயசு, மூன்று மாதமாக என் வீட்டில்தான் அவளுக்குச் சாப்பாடு. அதனால் 'அவள்' என்றே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாலம் எங்களுக்கு விளையாட்டில்லை. வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடம் கிடையாது, சோறும் கிடையாது. போன வருஷம் ஒரு பிள்ளையை ஆறு இழுத்துக்கொண்டு போனது. மரவேரில் சிக்கியதால் பிழைத்தது. என் பையன் கிஷோரும் அதே தண்ணீரில்தான் இறங்கிப் போய்வருகிறான். மூன்றாவது படிக்கிறான்.

ஒருநாள் கஞ்சி குடிக்கும்போது தணிகாசலம் கேட்டார்.

"குருவே, ஒரு சந்தேகம். உங்களை எஞ்சினியர் ஆக்கினது ஜப்பான் வீடா, ஆம்பூர் வீடா?"

"மூட்டை கட்டுற அன்னிக்குச் சொல்றேன், அண்ணே."

"இன்னா மூட்டை?"

"மண்ணு மூட்டை."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

பாலம் முடிந்தது. ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் திறப்பு என்று பூசாரி ஏழுமலை நாள் குறித்தார். அதை விட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யாராவது நல்ல காரியம் செய்வார்களா? மழையும் தொடங்கிவிடும்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். தொங்குபாலத்தின் உயிர் கரையில்தான் இருக்கிறது என்பாள் நிரஞ்சனா. இரும்புக் கயிறு, கரையில் கான்கிரீட்டில் பதித்த வளையத்துக்குள் போய்த் திரும்பி வரும். போன கயிற்றையும் திரும்பி வந்த கயிற்றையும் சேர்த்து கிளாம்ப் போட்டு இறுக்கியிருப்பார்கள். கிளாம்ப் ஓரமாகக் கயிற்றின்மேல் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. கயிறு நழுவினால் கோடு கிளாம்பை விட்டு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். தினம் சாயங்காலம் அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்வது தணிகாசலத்தின் வேலை.

திறப்பு நாள் காலையில் நான் போனபோது மாவிலைத் தோரணம் கட்டியாகிவிட்டது. பூசாரி கும்பம் வைத்துவிட்டார். ஆனால் பாலத்தின் வாயில் வரிசையாக முப்பத்தொரு மண் மூட்டைகள். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பேர், ஒரு எடை.

போன வாரம் ரேஷன் கடைத் தராசில் எங்களையெல்லாம் ஏற்றி இறக்கியது இதற்குத்தானா! அன்றைக்குப் பாலத்தில் முதலில் நடக்க இருந்தவர்கள் முப்பத்தொரு பேர். இருபத்தாறு பிள்ளைகள், பெரியவர்கள் ஐந்து பேர். ஆளின் எடைக்கு ஒன்றரை மடங்கு மண்ணாம். எழுத்து தணிகாசலத்தின் எழுத்து. விடிகாலையில் வந்து உட்கார்ந்து எழுதினாராம்.

'கிஷோர் - 22' என்று ஒரு மூட்டை. பக்கத்திலேயே 'சம்பூரணம் - 54'. என் பாடையை நானே நின்று பார்க்கிற மாதிரி இருந்தது.

பூசாரி கத்திவிட்டார்.

"இன்னாம்மா அநியாயம் இது! உசுரோட இருக்கிற புள்ளைங்க பேருல மூட்டை கட்டி வச்சிருக்கே. நல்ல நாளும் அதுவுமா!"

"ஆளுக்கு முன்னாடி மூட்டை போகும்," என்றாள் நிரஞ்சனா. "மூட்டை பத்திரமா அக்கரை போய்ச் சேர்ந்தா, அப்புறம் ஆள் போகலாம். எங்க பாலம் போட்டாலும் இதான் என் வழக்கம்."

தணிகாசலம் பக்கத்தில் வந்தார்.

"குருவே, நல்ல நேரம் போயிடும். மூட்டையை நாளைக்குப் பாத்துக்கலாமே. பூசையை முடிச்சுட்டு எல்லாரும் ஒரு நடை நடந்துட்டு வந்துடட்டும்."

"மூட்டைதான் முதல்ல, அண்ணே."

"அப்ப வெறும் மூட்டையா அனுப்பு. பேரு எதுக்கு?" என்று நானே கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவளுக்கு மூன்று மாதம் சோறு போட்ட உரிமை எனக்கு உண்டு.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தணிகாசலத்தைப் பார்த்தாள்.

"எந்த வீடுன்னு கேட்டீங்களே, அண்ணே. சொல்றேன்."

நின்றபடியே சொன்னாள்.

"அங்க பூகம்பம் வரும். எங்களுது மர வீடு. மாடியிலதான் படுக்கை. அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட். நிலம் ஆடினா அம்மா ஒருத்தியா எங்களை இறக்கணும். அதனால கோணியில எங்க எடைக்கு மண்ணை ரொப்பி, மேல நம்பர் எழுதி, படியில இழுத்துக்கிட்டு இறங்கிப் பழகுவாங்க. பத்தொம்பதுன்னா நான். ஏழுன்னா தம்பிப் பாப்பா. நான் கடிகாரத்தைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு சொல்லணும்."

"கல்நெஞ்சுக்காரிதான்," என்றேன்.

"தம்பிப் பாப்பாவைப் பாக்க அத்தை ஆம்பூர்லருந்து வந்தாங்க. அது என்ன மூட்டைன்னு கேட்டாங்க. 'அது நான்தான் அத்தை'ன்னேன்."

"ஐயய்யோ," என்றார் பூசாரி.

"அத்தையும் அதேதான் சொன்னாங்க, தலையில அடிச்சுக்கிட்டு. புள்ள குத்துக்கல்லாட்டம் நிக்குது, இவ மூட்டை கட்டி இழுக்கிறாளேன்னு. ரெண்டு நாள் அம்மா கையால பச்சைத் தண்ணி குடிக்கலை. அம்மாவுக்கு ஒண்ணும் புரியலை. புள்ளையைக் காப்பாத்தத்தானே இழுக்கிறேன், இதுக்கு ஏன் அழறாங்கன்னு அவங்களும் அழுதாங்க."

"அப்புறம்?" என்றார் தணிகாசலம்.

"மூணாம் நாள் பத்தொம்பது கை நழுவிருச்சு. படியில உருண்டு கீழ போய்க் கிழிஞ்சுருச்சு. அம்மா நோட்டை எடுத்து 'மேலருந்து மூணாவது படி வழுக்குது'ன்னு எழுதினாங்க. அத்தை ஓடிப்போய் அந்த மண்ணை முந்தானையில அள்ளினாங்க. வேற கோணியில ரொப்பி, நம்பருக்கு மேல என் பேரை எழுதி, அம்மா கையில குடுத்தாங்க."

"உங்கம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. ஆனா அதுக்கப்புறம் அந்த மூட்டையை அம்மா இழுக்கலை. இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டாங்க. அன்னிக்கே மூணாவது படியில ரப்பர் பட்டை அடிச்சாங்க. அத்தை பட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் ஆணி எடுத்துக் குடுத்தேன். அவ்வளவுதான், அண்ணே."

பூசாரிதான் மெதுவாக, "சரி, தேங்காயை அப்புறம் ஒடச்சுக்கலாம்," என்றார்.

"அண்ணே, நேத்து சாயங்காலம் கோட்டைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் நிரஞ்சனா.

"பாத்தேன்."

"எங்க இருந்துச்சு?"

"இருக்கவேண்டிய எடத்துலதான் இருக்கு, குருவே."

அவளும் போய்க் குனிந்து பார்த்தாள். கோடு கிளாம்பை ஒட்டியே இருந்தது.

பாலத்தின்மேல் ஆள் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாள். சின்னச் சக்கரம் வைத்த பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருந்தார்கள். அக்கரையில் நிற்கிற ஆட்கள் கயிற்றால் இழுப்பார்கள். மூட்டைகளைப் பலகையில் ஏற்ற ஏற்ற, நிரஞ்சனா ஒவ்வொரு பேராகச் சத்தமாகப் படித்தாள்.

"கிஷோர்!"

"உள்ளேன் ஐயா!" என்று என் பையன் கத்தினான். பிள்ளைகள் குபீரென்று சிரித்தன. அப்புறம் ஒவ்வொரு பேருக்கும் ஒரு "உள்ளேன் ஐயா". எங்கள் பயம்கூடக் கொஞ்சம் இறங்கிவிட்டது. பூசாரியே சிரித்தார்.

கடைசி மூட்டைக்கு வந்து நின்றாள். அதில் எடை மட்டும் இருந்தது. பதினேழு.

"இது யாரு?"

"நான்தான் அது!" என்று ஒரு குட்டி முன்னால் ஓடிவந்தது. லத்திகா, தணிகாசலத்தின் பேத்தி, ஒன்றாவது படிக்கிறவள். "தாத்தா எல்லார் பேரையும் எழுதிச்சு. என் பேரை மட்டும் எழுதலை!"

நிரஞ்சனா அவரைப் பார்த்தாள்.

"கை வரலை, குருவே," என்றார்.

பெண்கள் நாங்கள் உச்சுக் கொட்டினோம். பேத்தி என்றால் அப்படித்தானே. மகள் செத்தபிறகு அந்தக் குழந்தையை வளர்ப்பதே அவர்தான். யாருக்குத்தான் கை வரும்?

"குடுங்க, நானே எழுதறேன்," என்று லத்திகா மார்க்கரைப் பிடுங்கினாள். நாக்கைத் துருத்திக்கொண்டு, கோணல்மாணலாக, தன் பேரைத் தானே எழுதினாள். தணிகாசலம் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பலகைகள் நகர்ந்தன. கடகடவென்று நல்லபடியாகத்தான் போயின. பாலம் லேசாக அசைந்தது, தொட்டிலைப் போல. பிள்ளைகள் கை தட்டினார்கள். கடைசிப் பலகையும் பாலத்தில் ஏறியது.

டங்கென்று ஒரு சத்தம்.

கரையில் இருந்த இரும்புக் கயிறு, புற்றுக்குள் பாம்பு ஓடுவதைப்போல வளையத்துக்குள் சர்ரென்று ஓடிவிட்டது. பாலம் ஒரு பக்கமாகக் கவிழ்ந்தது. அவ்வளவுதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் முப்பத்தொன்றும் கீழே. பாறையில் விழுந்து ஒவ்வொன்றாக வெடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் "கிஷோரு!" என்று அலறினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தான். ஆனாலும் அலறினேன். அவன் தலையைத் தடவினேன், காலைத் தடவினேன். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. சுற்றிலும் தாய்மார்கள் பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளையே தேடிக்கொண்டிருந்தார்கள். பூசாரி கும்பத்தின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அது உருண்டு உடைந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

தண்ணீர் முழங்கால்தான். பாறைகளின் நடுவே கிழிந்த கோணிகள் கிடந்தன. கோணல்மாணலாக எழுதிய கோணி எங்கள் கரை ஓரத்திலேயே கிடந்தது. அதிலிருந்து மண் கரைந்து போய்க்கொண்டிருந்தது.

தணிகாசலம் அதைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்தார்.

"நகர்ந்துச்சு, குருவே."

"எது?"

"கோடு. நேத்து சாயங்காலம் பாத்தேன். ரெண்டு விரல் நகர்ந்து இருந்துச்சு."

"இப்ப நான் பாத்தேனே, அண்ணே. ஒட்டித்தானே இருந்துச்சு."

"பழசை மண்ணெண்ணெயில தொடச்சுட்டேன். நட்டை இறுக்கிட்டு, கிளாம்ப் ஓரமா புதுக்கோடு போட்டேன்."

எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் கேட்கவில்லை. ஆறுகூடக் கேட்கவில்லை. அவருடைய வாயையே பார்த்தேன். என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட மனுஷன். என் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய மனுஷன்.

"ஏன்?" என்றாள் நிரஞ்சனா.

"விடிஞ்சா முகூர்த்தம். இன்னிக்கு விட்டா ஆடி பொறந்துடும். தோரணம் கட்டுற நேரத்துல போய், பாலம் சரியில்லைன்னு எந்த வாயால சொல்றது? அபசகுனமா பேசறான்னு ஊரே ஏசும். புதுக்கயிறு, கொஞ்சம் உக்காரத்தானே செய்யும்னு விட்டுட்டேன்."

"நாளு மட்டும்தான்யா நான் குறிச்சேன்!" என்று பூசாரி அழுகிற குரலில் கத்தினார்.

"பாவி! நல்லா இருப்பியா?" என்று நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். "பூசையை முடிச்சுட்டு நடக்கலாம்னியே! முப்பத்தோரு உசுரு!"

அவர் தடுக்கவில்லை. அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். நிரஞ்சனாதான் என் கையை எடுத்துவிட்டாள்.

அவருக்கு எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணும் ஆகாதுன்னுதான் நெனச்சேன், குருவே," என்றார். "பெத்த தாய்மேல சத்தியம்."

"லத்திகா பேரை எழுத உக்காந்தப்பவும் அப்படித்தான் நெனச்சீங்களா?"

அவர் லத்திகாவைத் தேடிப் பார்த்தார்.

"அதுக்கு மட்டும் கை வரலை."

நிரஞ்சனா ஆற்றில் கிடந்த கோணிகளைப் பார்த்தாள். கிஷோரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பினாள்.

"மத்த முப்பது பேருக்கும் வந்துச்சே, அண்ணே."