ஈரம் காயாத பிள்ளை

அந்தக் காலத்தில், பூச்சி ஒரு வார்த்தை கேட்டால் மனுஷர் நின்று பதில் சொல்லிவிட்டுப் போன காலத்தில், பிள்ளைகளைக் குளவிதான் மண்ணெடுத்துச் செய்தது. ஆற்று வண்டலைக் குழைத்துச் செய்து, பாறை நிழலில் வரிசையாக உலர வைக்கும். ஏழு நாள் காய வேண்டும். அதுவரை தாய் கை படக் கூடாது. அப்போதெல்லாம் விரல்கள் கூழாங்கல் போல வழவழவென்று இருக்கும். பல் முளைக்கும் ஈறு, வரப்பு மாதிரி நேராக ஓடும்.

வெள்ளாயி என்ற ஒருத்திக்குச் செய்த முதல் இரண்டு பிள்ளைகளும் காயும் முன்பே அழுது, தங்கள் கண்ணீரிலேயே கரைந்து போயின. மூன்றாவதுக்கு அவள் பாறையடியிலேயே காவல் கிடந்தாள்.

ஐந்தாம் நாள் பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. குளவி மண்ணெடுக்கப் போயிருந்தது. ஒரு சொட்டு இறங்கி, கன்னத்தில் கோடு விழுந்தது.

"அழாதடா என் ராசா, அழாத..."

பால் கொடுத்தால் வாய் கரையும். தூக்கினால் மண் கையோடு வரும். தவித்துப்போன வெள்ளாயி, கீழே கிடந்த வைக்கோல் துரும்பை எடுத்து, பிள்ளையின் முழங்கையை மெல்லத் தள்ளினாள். அதன் விரல் அதன் வாய்க்குள் போனது. சப்பியது, அழுகை நின்றது. மற்ற விரல்களை அதுவே ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டது.

குளவி வந்து பார்த்தது.

"அடி பாதகத்தி! தொட்டுட்டியா?"

"நான் தொடலை தாயே. துரும்புதான் தொட்டுச்சு."

"வாயைப் பாரு! நூல் பிடிச்சு இழுத்த ஈறு, வில்லா வளைஞ்சு கிடக்கு. விரலெல்லாம் நாக்கு சுழிச்ச சுழி. தள்ளு, பிசைஞ்சு வேற செஞ்சு தரேன்."

"வேற செய்வே. இவனைச் செய்வியா?"

அந்த நேரம் பார்த்து, பாறையில் இன்னொரு பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. குளவி அதைப் பார்த்தது. வெள்ளாயி கையிலிருந்த துரும்பைப் பார்த்தது.

"எங்கே, அதை இப்படிக் கொடு" என்றது.

ஏழாம் நாள், காய்ந்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெள்ளாயி ஊர்ப்பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பாறையில் குளவி, துரும்பும் கையுமாகப் பிள்ளை பிள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது.

அன்று முதல்தான் ஒவ்வொரு பிள்ளையும் தான் சப்பின வாகுக்கு ஒரு ரேகையும் ஒரு பல்வரிசையும் வாங்கிக்கொண்டு வருகிறது. ஒரே ஈரத்தில் பதிந்ததால், விரலின் சுழியும் பல்வரிசையின் வளைவும் இன்றைக்கும் ஒன்றைப் பார்த்தே ஒன்று அமைகின்றன.