பத்தொன்பது கூடு ஆரம்பிச்சாச்சு!

குளத்தின் மேல் சாய்ந்து நின்ற கருவேல மரத்தில் நான்கு தூக்கணாங்குருவிகள் சேர்ந்து, மற்றக் குருவிகளுக்குக் கூடு கட்டிக் கொடுத்து வந்தன. நாரன் தென்னோலையில் நார் கிழிப்பான். இழையன் பின்னுவான். சேற்றுமூக்கன் கூட்டுக்குள் ஈரக் களிமண் அப்புவான். அந்த மண்ணின் கனம் இல்லாவிட்டால் பெருங்காற்றில் கூடு கவிழ்ந்துவிடும். மூவருக்கும் தலைவன் மஞ்சள்தலையன்.

மஞ்சள்தலையனுக்கு 'முடியாது' என்று மட்டும் சொல்ல வராது. யார் வந்து கேட்டாலும், "இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்!" என்பான். காலையில் உச்சிக் கிளையில் ஏறி, "பன்னிரண்டு கூடு ஆரம்பிச்சாச்சு!" என்று குளமே அதிரக் கத்துவான். எத்தனை முடிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் திருதிருவென்று விழித்திருப்பான்.

ஒருநாள் பூவிழி என்ற பெண்குருவி வந்தாள்.

"அண்ணே, இன்னும் ஆறு நாள்ல நான் முட்டை வைக்கணும். அதுக்குள்ள கூடு கிடைக்குமா?"

"ஆறு நாள் எதுக்கு? மூணே நாள், தங்கச்சி!"

சொன்னபடி இழையன் இரண்டே நாளில் பின்னி முடித்தான். அழகான கூடு. மண் அப்புவதுதான் பாக்கி. ஆனால் அந்த வேலைக்கு இருந்தது சேற்றுமூக்கன் ஒருவன்தான். அவனுக்காகப் பதினோரு கூடுகள் காத்துத் தொங்கின.

"தலைவரே, பூவிழி கூட்டுக்கு இன்னும் நாலு நடை மண் போதும். முதல்ல அதை முடிச்சிடறேனே!" என்றான் சேற்றுமூக்கன்.

"அது கிடக்கட்டும்! மேற்குக் கரைப் பெரியவர் கூட்டுல ஒரு வாய் மண்ணாவது அப்பிட்டு வா. வேலை நடக்குதுன்னு அவர் கண்ணுல படணும்!"

மறுநாள் இன்னொரு கூட்டில் ஒரு வாய். அடுத்த நாள் வேறொன்றில் ஒரு வாய். பாவம், சேற்றுமூக்கன் பறந்து பறந்து இளைத்துப் போனான். அந்த நாட்களில் ஒரு கூடும் முடியவில்லை.

நாரனோ கிழித்துக்கொண்டே இருந்தான். "போதும்டா! நான் ஒருத்தன் எவ்வளவுதான் பின்னுவேன்? நாரெல்லாம் காஞ்சு ஒடியுது!" என்று இழையன் கத்தினான்.

"சும்மா உட்கார்ந்தா தலைவர் திட்டுவாரே!" என்றான் நாரன். கிழித்த நாரில் பாதி குப்பையாகிக் குளத்தில் மிதந்தது.

ஆறாம் நாள் காலை உச்சிக் கிளையில், "பத்தொன்பது கூடு ஆரம்பிச்சாச்சு!" என்ற முழக்கம் கேட்டது. முடிந்தவை முன்பே முடித்த இரண்டுதான்.

பூவிழி பறந்து வந்தாள். "அண்ணே, என் கூடு முடிஞ்சுதா?"

மஞ்சள்தலையன் மண் அப்பாத அந்தக் கூட்டை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, "கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான்! தொண்ணூறு சதவீதம் ஆயிடுச்சு! தைரியமா உள்ள போம்மா!" என்றான்.

பூவிழி நம்பினாள். உள்ளே போய் ஒரு முட்டை வைத்தாள். மறுநாள் இன்னொன்று வைத்தாள். அன்று பிற்பகல் காற்று கிளம்பியது. கனமில்லாத கூடு நாலு முறை சுழன்று தலைகீழாகக் கவிழ்ந்தது. இரண்டு முட்டைகளும் குளத்தில் விழுந்து மூழ்கின.

பூவிழி திட்டவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வேற இடம் பார்த்திருப்பேனே அண்ணே!"

வெட்கத்தில் மஞ்சள்தலையனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் கூட்டாளிகளின் முகத்தைக்கூட அவனால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் அவன் உச்சிக் கிளைக்கு ஏறவில்லை. அந்த வழியாகப் பறந்த கிளி வம்புக்கு இழுத்தது. "என்னப்பா, இன்னிக்கு எத்தனை ஆரம்பம்?"

"ஒண்ணுமில்லை," என்றான் அவன். "முடிச்சது ரெண்டு. ஏமாத்தினது பதினேழு பேரை."

கிளிக்கே சங்கடமாகிவிட்டது. அது பறந்து போனது.

பிறகு அவன் கூட்டாளிகளைக் கூப்பிட்டு, "இனிமே மூணு கிளையிலதான் வேலை. ஒரு கூட்டை முடிச்சுக் கொடுத்து, கிளை காலியானாத்தான் அடுத்ததை எடுக்கணும். மண்ணுக்காகக் கூடு காத்திருந்தா, நார் கிழிக்கிறதையும் பின்னுறதையும் நிறுத்திட்டு எல்லாரும் மண் சுமப்போம்!" என்றான்.

"நீங்களுமா தலைவரே?" என்றான் சேற்றுமூக்கன்.

"முதல் ஆளா நான்தான்!"

கவிழ்ந்த கூட்டை நால்வரும் நிமிர்த்திச் சரிசெய்து, ஆளுக்கு ஒரு நடை மண் கொண்டு வந்தார்கள். நாலே நடை. வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவு சின்ன வேலையா என்று நினைத்தபோது மஞ்சள்தலையனுக்கு இன்னும் கூசியது.

பூவிழி போய்த் தங்கியிருந்த அக்கரைக்குப் பறந்து, அவள் முன்னால் தலைகுனிந்து நின்றான். "கூடு முழுசா முடிஞ்சிருச்சு, தங்கச்சி. வந்து பாரு."

"முடிஞ்சிருக்கும், அண்ணே. வேற யாருக்காவது கொடுங்க," என்றாள் பூவிழி. "உங்க பேச்சை நம்பி இனி நான் முட்டை வைக்க மாட்டேன்."

அவன் திரும்பிப் பறந்தான்.

ஆரம்பித்த வேலைகளை எண்ணி நாம் பெருமை பேசினால், நம்மை நம்பியவர்கள்தான் அழ வேண்டிவரும். ஆகவே, எடுத்ததை முழுதாக முடித்துக் கொடுத்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.