தளபதியை வீழ்த்திய குத்து

கடைசியில் நீங்கள் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போதே பல்லைக் காட்டாதீர்கள். முதலில் ஒரு ராஜாவைப் பார்த்தாக வேண்டும்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வேங்கைநாட்டை மகிழ்வேந்தன் என்றொரு ராஜா ஆண்டான். ஒரு மாதம் வீணை, ஒரு மாதம் புறா என்று மனம் தாவும் அவனுக்கு, அந்த வருஷம் பிடித்த பைத்தியம் குத்துச்சண்டை. விடிந்ததும் கோதாவில் இறங்குவான். அரண்மனைக்காரர் யாராவது எதிரே நிற்க வேண்டும். ராஜாவை யார் திருப்பி அடிப்பது? கை கிட்டே வருவதற்குள் எல்லோரும் தொப்பென்று விழுந்துவிடுவார்கள். அதில் மகா கெட்டிக்காரர் தளபதி கடம்பராயர். உருண்டு புரண்டு, தேன் குழைத்த குரலில், "ஐயோ பிரபு! இது கையா, கருங்கல்லா!" என்பார்.

ராஜா நம்பிவிட்டான். ஒருநாள் காலை சபையில் இடிபோல முழங்கினான்: "நாளைத் திருவிழாவில் பக்கத்து நாட்டுக் காரியோடு நானே மோதப்போகிறேன்!"

காரி ஒரே குத்தில் வண்டிச் சக்கரத்தை உடைக்கிறவன். ராஜா, கூஜா என்றெல்லாம் பார்க்க மாட்டான்.

மந்திரி நன்னியார் எழுந்தார். எந்நாளும் ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி மூக்கால்தான் பேசுவார். "வேண்டாம் அரசே. குத்துவதற்கு முன் கையை முதுகு வரைக்கும் இழுக்கிறீர்கள். அதற்குள் காரி வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வந்து அடிப்பான். மற்ற கை இடுப்பில் கிடக்கிறது, முகத்துக்குக் காவலே இல்லை. போதாததற்குக் கண்ணை வேறு மூடிக்கொள்கிறீர்கள்."

மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த தளபதி துள்ளினார். "கேட்டீர்களா பிரபு! தங்கள் குத்து பட்ட என் விலா இன்னும் வலிக்கிறது. இவர் குறை சொல்கிறார்!"

ராஜாவின் மீசை துடித்தது. "நன்னியாரே, மாலைக்குள் நிரூபியும். இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்பும். உம் பதவி கடம்பராயருக்கு!"

மாலையில் கோதாவின் நடுவே கனத்த திரை ஒன்று தொங்கியது. "அரசர் அந்தப் பக்கம் நிற்பார். முரசு ஒலித்ததும் திரையோடு சேர்த்துக் குத்துவார். வாங்கத் தோதான உடம்பு தளபதியாருடையதுதான்" என்றார் மந்திரி.

"என் பாக்கியம்!" என்றார் தளபதி.

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? பொறுங்கள், மனுஷர் இன்னும் கச்சையை இறுக்கவில்லை.

டம்!

தளபதி பறந்தே போனார். விழுந்தார், உருண்டார், கண்ணை இறுக மூடிக்கொண்டார். "விலா போச்சே! பிரபு, இன்றைக்குத்தான் முழுப் பலத்தையும் காட்டினீர்கள்!"

திரை விலகியது.

ராஜா தூரத்துப் பீடத்தில் சம்மணம் போட்டிருந்தான். இரண்டு கையிலும் அதிரசம், வாயிலும் அதிரசம். முரசு கேட்டாலும் எழுந்திருக்காமல் தின்றுகொண்டே இருக்கும்படி மந்திரி அவன் காதில் சொல்லியிருந்தார்.

ராஜா மெல்வதை நிறுத்தினான். தன் கைகளைப் பார்த்தான். கீழே முனகுகிறவரைப் பார்த்தான். "அப்படியானால்... ஒருநாள்கூட என் குத்து யார்மேலும்...?"

"ஒருநாள்கூட இல்லை, அரசே."

என்ன ஆகுமோ என்று எல்லோரும் பார்த்திருக்க, ராஜா நீளமாக ஒரு மூச்சு விட்டான். "அப்பாடா! மத்தியானம் ஊருக்குள் வந்திறங்கிய காரியின் முஷ்டியை மாடத்திலிருந்து பார்த்தேன் ஐயா. பலாக்காய் மாதிரி இருக்கிறது! சோறே இறங்கவில்லை. சபையில் சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது என்று தவித்துப்போனேன்."

தன் முத்துமாலையைக் கழற்றி நன்னியார் கழுத்தில் போட்டான். "எனக்கு நிஜமாக அடிக்கிற ஆசான் ஒருவரைப் பாரும். முதலில் முகத்தைக் காக்கப் படிக்கிறேன், குத்து அப்புறம்."

"நாளைக்குக் காரி வந்து நிற்பானே, அரசே?"

"என் குத்தையெல்லாம் தாங்கிய உடம்பு இதோ கிடக்கிறதே! கடம்பராயர் மோதட்டும். என்ன தளபதி?"

"உத்தரவு பிரபு..." தன் முனகலில் இதுவரை பேசியது எதையும் காதில் வாங்காத தளபதி, கண்ணைத் திறக்காமலே இழுத்தார். "தங்கள் குத்திலேயே பாதி உயிர் போய்விட்டது பிரபு... காரி என்ன, எந்த மல்லன் வந்தாலும்..."

முனகல் நின்றது.

ஒரு கண் மட்டும் மெல்லத் திறந்தது. அதற்கு முதலில் தெரிந்தது, அதிரசம்.