மணல்வாரிக்குத் தலை சீவியவள்

ஆடும் மாடும் குருவியும் வாயைத் திறந்து மனுஷரோடு வம்பு பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், கதையை மட்டும் கேளுங்கள். அப்போது ஆத்தங்கரைப்பட்டி ஆற்றில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடியது. தண்ணீருக்கு அடியில் இவ்வளவு மணல் கிடக்கிறது என்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்த மணலுக்குள் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். தாய் தகப்பன் கிடையாது. பேர் வைக்கவும் ஆள் கிடையாது. மேலே குளிக்க வருகிற பிள்ளைகளின் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள், அதுதான் அவளுக்கு வேலை. அடியிலிருந்து பார்த்தால் சின்னச் சின்னப் பாதங்கள் மட்டும் தெரியும். தொடலாம் என்று கையை நீட்டுவாள். அதற்குள் தண்ணீர் அவள் கையை இழுத்துக்கொண்டு போய்விடும். எத்தனை காலம் இப்படி ஏங்கிக் கிடந்தாளோ, ஐயோ பாவம், அது யாருக்குத் தெரியும்?

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. தை மாதம் ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான் நின்றது. மாசியில் அது கணுக்காலுக்கு இறங்கியது. பங்குனி பிறந்தபோது சொட்டுத் தண்ணீர் இல்லை, கரைக்குக் கரை வெறும் மணல். பெரியவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கென்ன, கொண்டாட்டம்! அவ்வளவு மணலை அவர்கள் கண்டதே இல்லை. கூச்சல் போட்டுக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினார்கள்.

மணலுக்குள் கிடந்தவள் எழுந்து வந்தாள். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. பிள்ளைகள் எங்கே அதையெல்லாம் கேட்கும்? வந்தால் சேர்த்துக்கொள்ளும். அவளுக்குத் தெரிந்த விளையாட்டு ஒன்றே ஒன்றுதான். இரண்டு கையாலும் மணலை வாரி எல்லார் மேலேயும் இறைப்பாள். அதைப் பார்த்து அவளுக்கு மணல்வாரி என்று பிள்ளைகளே பேர் வைத்தார்கள். பேர் கிடைத்த அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

எல்லாரையும்விட அவளுக்குப் பவுனைத்தான் பிடித்தது. பவுனு, காத்தாயியின் மகள். காத்தாயிக்குப் புருஷன் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆயிற்று. அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதென்றால் அது பவுனு ஒருத்திக்காகத்தான். பவுனும் மணல்வாரியும் மற்றவர்கள் வீடு திரும்பிய பிறகும் ஆற்றிலேயே கிடந்தார்கள்.

கொஞ்ச நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு வீடாகத் தும்மல் கேட்டது. இருமல் வந்தது. பிள்ளைகளுக்குக் கண் சிவந்து, உடம்பு கொதித்தது. காதுக்குப் பின்னால் நாலு பொரி கிளம்பி, முகம், கழுத்து, நெஞ்சு என்று மணலைத் தூவியதுபோல் இறங்கியது. பெரியவர்களையும் அது விடவில்லை, ஊரில் பாதி பாயில் கிடந்தது. சில வீட்டுப் பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை.

பவுனும் படுத்துவிட்டாள். வாயில் வைத்த கஞ்சி உள்ளே போகவில்லை. காத்தாயி மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு குரல் கேட்டது.

“பவுனு இருக்காளா? விளையாடக் கூப்பிட வந்தேன்.”

காத்தாயி திரும்பிப் பார்த்தாள். உடம்பெல்லாம் மணலாக, சிக்குப் பிடித்த தலையோடு ஒரு சிறுமி நின்றாள்.

“யாரு வீட்டுப் பிள்ளை தாயி நீ?”

“தெரியல.”

வேலியில் உட்கார்ந்திருந்த ஆள்காட்டிக் குருவி உடனே கத்த ஆரம்பித்துவிட்டது. அதற்குக் கோள் சொல்லாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. “காத்தாயி, இவதான்! ஆத்துக்குள்ள பிள்ளைக மேல மணலை வாரி இறைச்ச மகராசி இவதான்! நான் முட்டை வச்சுருந்த இடத்துலருந்து என் ரெண்டு கண்ணால பார்த்தேன். வெரட்டு, வெரட்டு!”

காத்தாயி விளக்குமாற்றைத் தூக்கினாள். தூக்க மாட்டாளா பின்னே? உள்ளே பெற்ற பிள்ளை உயிருக்குப் போராடிக்கொண்டு கிடக்கிறது.

“அடிக்கப் போறியா? நான் என்ன பண்ணுனேன்?” என்று கேட்டாள் மணல்வாரி.

சும்மா கேட்கவில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. காத்தாயி அந்த முகத்தைப் பார்த்தாள். ஓங்கிய கை இறங்கிவிட்டது. இவளை அடித்து விரட்டி, அந்தக் கோபத்தில் இவள் என் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டால் என்ன செய்வேன் என்று ஒரு பயம். அந்தத் தலையைப் பார்க்கச் சகிக்காத ஒரு தாய்மனசு இன்னொரு பக்கம். எது முந்தியது என்று அவளுக்கே தெரியாது.

“தலையா இது, காக்காக் கூடா? வா, வந்து உக்காரு” என்றாள்.

மடியில் சாய்த்துக்கொண்டு, எண்ணெய் தொட்டு, சிக்கெடுத்து, மெல்ல மெல்லச் சீவினாள். கொத்துக் கொத்தாக மணல் உதிர்ந்து அவள் மடியிலேயே விழுந்தது. மணல்வாரி மூச்சுக் காட்டவில்லை. பிறந்ததிலிருந்து அவள் தலையில் ஒரு கை பட்டதில்லை. இரண்டு சடை போட்டு முடித்தபோது மடியிலேயே தூங்கியிருந்தாள்.

எழுந்தவுடன் முதலில் கேட்டது, “நாளைக்கும் சீவிவிடுவியா?”

“விடுறேன்” என்று சொல்லிவிட்டாள் காத்தாயி.

சொன்னாளே, அங்கேதான் வினை பிடித்தது. மணல்வாரி அந்த வீட்டை விட்டு நகரவே இல்லை. பவுனு தலைமாட்டில் ஒண்டிக்கொண்டாள். விடிந்தால் சீப்பை எடுத்துக் காத்தாயி கையில் கொடுப்பாள். மற்ற வீடுகளில் பொரி வாடி, காய்ச்சல் இறங்கி, பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தார்கள். பவுனுக்கு மட்டும் கொதிப்பு இறங்கவில்லை.

“சீப்பு இருக்கிற வீட்டை விட்டு அவ எப்படிடி போவா?” என்று வேலியிலிருந்து கேட்டது ஆள்காட்டி. இந்தத் தடவை அது கத்தவில்லை.

காத்தாயி உள்ளே போய் மணல்வாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “தாயி, உன் மணலை எடுத்துக்கிட்டு நீ போயிரு. என் பிள்ளை தாங்கமாட்டா.”

“எடுத்துருவேன்” என்றாள் மணல்வாரி. “ஆனா என் மணல் ஒருதரம் உதிர்ந்துட்டா, அந்தக் கண்ணுக்கு மறுபடி நான் தெரியவே மாட்டேன். பவுனுக்கு என்னைத் தெரியாமப் போயிரும்.”

“எனக்கு எம்பிள்ளை வேணுமே.”

“எனக்குந்தான் வேணும்.”

காத்தாயிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “அவ செத்துட்டா ரெண்டு பேருக்கும் இல்லையேடி! உன்னைத் தெரியாட்டியும் உசுரோட எங்கேயாவது ஓடியாடிக்கிட்டு இருக்கட்டுமே!”

செத்துப்போவது என்றால் என்னவென்று மணல்வாரி கேட்டாள். காத்தாயி சொன்னாள். ஊரில் எந்தெந்த வீட்டில் பிள்ளை இல்லை என்பதையும் சொன்னாள். கேட்டுவிட்டு மணல்வாரி வெகுநேரம் பவுனு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்து, நெற்றியிலிருந்து பாதம் வரைக்கும் வருடி வருடி அத்தனை மணலையும் இறக்கினாள்.

பவுனு கண்ணைத் திறந்து, “அம்மா, பசிக்குது” என்றாள்.

“பவுனு, நான்தான்” என்று முன்னால் போய் நின்றாள் மணல்வாரி.

பவுனு அவளைத் தாண்டி அம்மாவைப் பார்த்தாள். “யாருகூடம்மா பேசிக்கிட்டு இருந்தே?”

மணல்வாரி வேப்பங்கொத்தைக் கீழே போட்டாள். அப்படியே ஆற்றுக்கு இறங்கிப் போய்விட்டாள். போய் ஒரு வாய் கூழாவது கொடுத்துவிட்டு வரலாம் என்று காத்தாயி நினைத்தாள். முடியவில்லை. மடியில் விழுந்த மணல் சும்மா விடுமா? அவளும் படுத்தாள். எழுந்தபோது அவள் கண்ணுக்கும் மணல்வாரி தெரியவில்லை. வெறும் ஆற்றைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பினாள்.

ஐப்பசியில் மழை பெய்து ஆறு நிறைந்தது. ஆனால் ஒருதரம் வற்றிப் பழகிய ஆறு சும்மா இருக்குமா? அடுத்த பங்குனியிலும் வற்றியது. மணல்வாரி ஓடி வந்தாள். ஆற்றில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், பவுனும் இருந்தாள். மணல்வாரி ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருத்தரும் திரும்பவில்லை. தெருவுக்குள் போய்த் தொட்டில்களை எட்டிப் பார்த்தாள். பால்குடி மறக்காத பிள்ளைகள் தாயின் கண்ணாலேயே உலகத்தைப் பார்க்கும். தாய்க்குத் தெரியாதவள் அவற்றுக்கும் தெரியவில்லை.

“எல்லாரும் என்னை மறந்துட்டாங்க” என்று ஆள்காட்டியிடம் போய் அழுதாள்.

கோள் சொன்ன குருவிக்கே மனசு இளகிவிட்டது. “அழாதே. மனுஷங்க பிள்ளை பெக்காம இருக்கப் போறாங்களா? அதுக பால்குடி மறந்து ஆத்துக்கு வாறவரைக்கும் பொறு. ஒண்ணு ரெண்டுக்கு அவசரப்படாதே, கூட்டம் சேரட்டும்.”

அவள் பொறுத்தாள். ஒரு கோடையில் யாரோ ஒன்றிரண்டு பிள்ளைகள் மட்டும் அவளைப் பார்த்துச் சிரித்தன. அடுத்த கோடையிலும் கொஞ்சம்தான். அதற்கும் பிறகு ஒரு பங்குனியில் எழுந்து வந்து பார்த்தால், அடேயப்பா, ஆறு நிறையப் புதுப் பிள்ளைகள்! அத்தனையும் அவளைப் பார்த்துக் கைதட்டிக் கூப்பிட்டன. ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் படுத்து எழுந்தன. அதற்கு அடுத்த கோடையில் மறுபடியும் அவளுக்கு யாருமில்லை.

இப்படியே கோடைகள் போயின. காத்தாயி காலமானாள். பவுனு கல்யாணம் முடித்து, செல்லி என்று ஒரு பெண்ணைப் பெற்றாள். அந்தச் செல்லி ஒரு பங்குனியில் ஆற்றிலிருந்து கண் சிவந்து வந்து படுத்தாள். பவுனு வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, ஒரு அக்கா உன்னையே பாத்துக்கிட்டு நிக்குது” என்றாள் செல்லி. “உன் பேரு அதுக்குத் தெரிஞ்சுருக்கு.”

யாரென்று பவுனுக்குப் புரிந்துவிட்டது. காத்தாயி சாகிறவரைக்கும் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள். செல்லி கை காட்டிய இடத்தைப் பவுனு கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தாள். வெறும் சுவர்தான் தெரிந்தது.

“எப்படி இருக்கா?”

“சின்னப் பிள்ளையாத்தான் இருக்கு. தலையெல்லாம் சிக்கு. சீவிவிடுவியான்னு கேக்குது.”

பவுனு சீப்பை எடுத்துவிட்டாள். எடுத்த கை அப்படியே நின்றது. ஒருதரம் சீவினால் அவள் போகமாட்டாள். அவள் போகாவிட்டால் செல்லி பிழைக்கமாட்டாள். பவுனு சீப்பைக் கொண்டுபோய்க் கூரையில் செருகினாள். திரும்பி வந்து, தன் தலையில் முடிந்திருந்த கொண்டையை அவிழ்த்து விரித்துப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

“மன்னிச்சுக்கடி. எனக்காக நீ அன்னைக்குப் போனே, எம்பொண்ணுக்காக இன்னைக்கும் போகணும். உனக்குச் சீவிவிட என்னால முடியாது. நீ இந்த வீட்டுல நிக்கிற வரைக்கும் நானும் சீவிக்கமாட்டேன். உன்னைப் போலவே இருக்கேன்.”

கொஞ்ச நேரம் கழித்துச் செல்லி சொன்னாள்: “அம்மா, அது வந்து உன் பக்கத்துல உக்காந்துருச்சு.”

பவுனு அசையாமல் அங்கேயே இருந்தாள். செல்லியின் உடம்பு குளிர்ந்து, “அந்த அக்காவைக் காணோம்மா” என்று சொல்லும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

ஆறு வற்றும் காலத்தில் மணல்வாரி அம்மை வருவதும், ஒரு பிள்ளையிடம் ஒருதரமே வருவதும், சில கோடை சும்மா போய் ஒரு கோடையில் ஊரையே படுக்கப் போடுவதும் இப்படித்தான் வந்தது. அவள் வந்திருக்கும் வீட்டில் பிள்ளையைப் பெற்றவள் தலை சீவாமல் இருப்பது, பவுனு கொண்டையை அவிழ்த்த அந்த நாளிலிருந்துதான்.